உப்பு குறைத்த சமையலுக்கு யோசனை சொல்லுங்களேன்

அப்பாவுக்கு 64 வயது. போன மாதம் வலது கை மரத்து, வாய் கோணி, பத்து நிமிடத்தில் தானாகவே சரியானது. பக்கவாதத்துக்கு முன்னெச்சரிக்கை இது, ரத்த அழுத்தம் அதிகம், உப்பைக் குறையுங்கள் என்றார் டாக்டர். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன்கூட முழுதாக இல்லை!

குழம்பில் குறைத்துவிட்டேன். ஆனால் ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. எலுமிச்சை, மிளகு, பூண்டு என்று தூக்கலாகப் போட்டுப் பார்த்தேன். ரசம் மட்டும் தேறியது. கடையில் விற்கும் பொட்டாசியம் கலந்த உப்பு வேண்டாம், அவருக்குச் சிறுநீரகக் கோளாறும் இருக்கிறது.

உங்கள் வீட்டில் தயிர்சாதத்துக்கு உப்பில்லாமல் என்ன தொட்டுக்கொள்கிறீர்கள்? அப்புறம், இட்லிக்கும் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.