குடும்பக் குழு: ஒட்டாவாவில லெப்ரெட்டன் வெறுங்காணியும் புது ஹொக்கி அரீனாவும்

சனிக்கிழமை

[இரவு 10:16] சுதன் அண்ணா: இன்னும் அரீனா பார்க்கிங்லதான் நிக்கிறம். ஹொக்கி மேட்ச் முடிஞ்சு 35 நிமிசம் ஆச்சு. சின்னவன் பின் சீற்றில ஜெர்சியோட நித்திரை, வெளியில மைனஸ் 22

[இரவு 10:17] சுதன் அண்ணா: ஆரையும் பிழை சொல்லேலாது, 18,000 பேர் ஒரே நேரத்தில காரோட வெளிக்கிட்டா அந்த ஒரு ஹைவே என்ன செய்யும்

[இரவு 10:19] கலா பெரியம்மா: பிள்ளைக்குக் கம்பளி போத்தி விடு தம்பி. வெண்டதோ

[இரவு 10:19] சுதன் அண்ணா: ஓம் பெரியம்மா 4-2. அவன் தொண்டை கிழியக் கத்திப்போட்டு இப்ப படுத்திட்டான்

[இரவு 10:22] ரஜி மச்சாள் மொன்றியல்: நாங்கள் மேட்ச் முடிஞ்சா அப்பிடியே கீழ இறங்கி மெட்ரோ எடுத்து அரை மணித்தியாலத்தில வீட்ட நிப்பம். ஜக்கெற் சிப் பூட்டக்கூடத் தேவையில்லை

[இரவு 10:25] நிலா: ரஜி மச்சாள் ஒண்டு தெரியுமோ, உங்கட பெல் சென்டரும், ஒட்டாவாவின்ர மேற்குப் புறத்தில இருக்கிற எங்கட கனாட்டா அரீனாவும் ஒரே வருசம் திறந்தது. 1996. இஞ்ச ஜனவரி, அங்க மார்ச். ஒண்டு நகரத்துக்கு நடுவில மெட்ரோவுக்கு மேல, மற்றது தோட்டக் காணிக்கு நடுவில. அந்த நேரம் இது பலேடியம் எண்டு பேர், ஹைவேயில இறங்கிற வழி கூட இல்லை, அந்த இன்டர்சேஞ்சை செனட்டர்ஸ் டீம்தான் தன்ர காசில கட்டோணும் எண்டு நிபந்தனை போட்டுத்தான் அனுமதி குடுத்தவை

[இரவு 10:26] ரஜி மச்சாள் மொன்றியல்: 30 வருசமா நீங்கள் கார்லயும் நாங்கள் மெட்ரோவிலயும்

[இரவு 10:31] குகன் சித்தப்பா: எல்லாரும் கனாட்டாவைப் பழிக்காதேங்கோ. நான் அங்க 22 வருசமா இருக்கிறன். மேட்ச் இரவு எண்டா எனக்கு அங்க இருந்து டவுன்ரவுணுக்கு ரெண்டு டக்சிச் சவாரி நிச்சயம், அந்தக் காசிலதான் மூத்தவளிட பியானோ வகுப்பே ஓடினது. அரீனா லெப்ரெட்டனுக்குப் போனா எங்கட பக்கத்துக்கு என்ன மிஞ்சும் எண்டு ஒருத்தரும் கதைக்கினமில்லை, பார்க்கிங் தாரும் ஸ்னோவும்தான்

[இரவு 10:34] நிலா: சித்தப்பா நீங்கள் சொல்லுறது சரியான ஞாயம். புது இடத்துக்குப் படம் கீறிக் காட்டேக்க பழைய இடத்துக்கும் ஒரு படம் கீறோணும். கனாட்டாவுக்கு ரெயின் கொண்டு வாற திட்டம் கடதாசியில இருக்கு, காசு ஒதுக்கேல்லை. இப்ப மேற்குப் பக்க ரெயின் வேலை மூடி ட்ரைவ் (Moodie Drive) எண்ட ரோட்டு வரைக்கும்தான், கனாட்டாவுக்கு வராது. அரீனா போறது முடிவாகினா அந்தப் பெரிய காணியில என்ன வரப்போகுது எண்டதையும் சேத்துக் கேக்கோணும்

[இரவு 10:35] குகன் சித்தப்பா: கேக்க ஆள் வேணுமே

[இரவு 10:41] தீபன் வின்சர்: என்ன நடக்குது இஞ்ச 😅 லெப்ரெட்டன் எண்டா என்ன அண்ணா

[இரவு 10:48] நிலா: பார்லிமென்ற்றுக்கு மேற்கால, ஆத்தங்கரையில இருக்கிற வெறுங்காணி தீபன். ஜூலையில புளூஸ்ஃபெஸ்ட் இசை விழா நடக்கிற வெளி, வோர் மியூசியத்துக்குப் பக்கத்தில. அதில முந்தி சனம் இருந்தது, பிரெஞ்சு ஆக்கள், ஐரிஷ் ஆக்கள், மர ஆலையிலயும் ரெயில்வேயிலயும் வேலை செய்த ஆக்கள். 1962 ஏப்ரல்ல அரசாங்கம் எல்லாரையும் எழும்பச் சொல்லிக் கடிதம் குடுத்தது, 2,800 பேர் மட்டில. 1965க்குள்ள எல்லா வீடும் இடிச்சாச்சு. பெரிய அரசாங்க அலுவலகங்கள், பாதுகாப்பு அமைச்சின்ர தலைமையகம் எல்லாம் கட்டப்போறம் எண்டு சொன்னவை, ஒண்டும் வரேல்லை. அப்பிடியே 40 வருசம் புல்லு. 2005இல மியூசியம் வந்தது, பேந்து கொஞ்சம் கொண்டோ மாடி வீடு வந்தது, மிச்சம் இப்பவும் வெளிதான்

[இரவு 10:50] தீபன் வின்சர்: 40 வருசம்?? ஒண்டும் கட்டாமலோ

[இரவு 10:50] நிலா: ஓம். எழுப்பின ஆக்களிட பேரப்பிள்ளையள் வளந்து கலியாணம் கட்டின பிறகும் வெறுங்காணி

[இரவு 10:58] சுதன் அண்ணா: அப்பாடா ஹைவேக்கு ஏறியாச்சு. நிலா அப்ப இந்த முறை எண்டாலும் உண்மையா நடக்குமோ? நான் 2016இலயும் இப்பிடித்தான் சந்தோசப்பட்டனான்

[இரவு 10:59] நிலா: நீங்கள் கார் ஓடேக்க ரைப் பண்ணாதேங்கோ அண்ணா!!

[இரவு 10:59] சுதன் அண்ணா: அனுசா ரைப் பண்ணுறா நான் சொல்லச் சொல்ல

[இரவு 11:07] நிலா: சரி. 2016இல டீமும் ஒரு டெவலப்பரும் சேந்து குடுத்த திட்டத்தைத்தான் தேசிய தலைநகர ஆணைக்குழு, அதான் என்.சி.சி, தெரிஞ்செடுத்தது. ரெண்டு பங்காளியும் 2018இல ஒருத்தர் மேல ஒருத்தர் வழக்குப் போட்டு, சமரசமும் சரிவராம 2019இல எல்லாம் கலைஞ்சு போச்சு. அதுக்குப் பிறகு என்.சி.சி ஒரே ஆளிட்ட முழுக் காணியையும் குடுக்கிறதில்லை, துண்டு துண்டாக் குடுப்பம் எண்டு முடிவெடுத்தது. அது நல்ல முடிவு எண்டுதான் நான் நினைக்கிறன், ஒருத்தர் விழுந்தா எல்லாம் விழாது. 2022இல டீமோட திரும்பப் பேச்சு, 2023இல டீமுக்குப் புது முதலாளி அண்ட்லோவர், 2024 செப்டெம்பர்ல இணக்கம். பத்துப் பதினொரு ஏக்கர் மட்டில. முன்னம் கேட்டதைவிடக் கூட, அரீனாவைச் சுத்தியும் ஏதாவது கட்டோணும் எண்டபடியால்

[இரவு 11:09] நிலா: ஆனா மண்ணெல்லாம் பழுது. நூறு வருசமா ஆலை, ரெயில் யார்ட், பேந்து ஸ்னோ கொட்டின இடம். அதைக் கிண்டித் துப்பரவாக்காம ஒரு தூணும் நட ஏலாது. நாளைக்கே வரும் எண்டு சின்னவனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ

[இரவு 11:15] தீபன் வின்சர்: நான் ஒண்டு சொல்லட்டா. ஆத்துக்கு அங்கால டெட்ராய்ட்ல 2017இல லிட்டில் சீசர்ஸ் அரீனா திறந்தது, ரெட் விங்ஸ் ஹொக்கி டீமுக்கு. 2014இல அறிவிக்கேக்க அரீனாவைச் சுத்தி அஞ்சு புதுக் குடியிருப்புப் பகுதி வரும் எண்டு வடிவான படமெல்லாம் காட்டினவை. நான் ஃப்ரெண்ட்ஸோட மேட்ச் பாக்கப் போறனான். அரீனா எண்டா சொல்ல வேலையில்லை, அவ்வளவு வடிவு. வெளியில வந்து ரெண்டு தெரு நடந்தா பார்க்கிங், திரும்பவும் பார்க்கிங். அரீனா முதல்ல வந்திடும், வீடு பேந்து வரும் வரும் எண்டு கொண்டே இருப்பினம். கவனமா இருங்கோ

[இரவு 11:16] நிலா: இதைத்தான் தீபன் நான் ஒஃபிசில எல்லாருக்கும் சொல்லுறனான். சொந்த அரீனாவில விளையாடுற மேட்ச் வருசத்துக்கு 40 சொச்சம்தான். கச்சேரி கிச்சேரி எண்டு இன்னும் கொஞ்சம் கூட்டினாலும் மிச்ச நாள் அந்தத் தெருவில ஆர் நடக்கப் போகினம்? பால் வாங்கக் கடை, பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம், கிழவர் குந்தியிருக்க ஒரு வாங்கு, இதெல்லாம் இல்லாட்டி அது ஊர் இல்லை

[இரவு 11:20] குகன் சித்தப்பா: ரெயின் எண்டு சொல்லுறியள். அந்த ரெயின் 2021இல ரெண்டு தரம் தண்டவாளத்தை விட்டு இறங்கி பேந்து மாகாணம் விசாரணை வைச்சது. 18,000 பேரை அது காவுமோ

[இரவு 11:22] நிலா: அதையும் இப்பவே கேக்கோணும் சித்தப்பா. லெப்ரெட்டனில பிமிசி ஸ்டேஷன் வாசல்லயே இருக்கு, பேவியூ ஸ்டேஷனும் நடக்கிற தூரம், அங்க ரெண்டு லைன் சந்திக்குது. இடம் சரி. மேட்ச் முடியிற நேரத்துக்கு எத்தினை ரெயின் விடுவினம் எண்டது அரீனா கட்ட முதல் எழுத்தில வரோணும்

[இரவு 11:31] சுதன் அண்ணா: வீட்ட வந்திட்டம். குட்நைட் எல்லாருக்கும். சின்னவனைத் தூக்கிக்கொண்டு வந்து படுக்க வைச்சது, கையில இருந்த கொடியை விடேல்லை 🙂

ஞாயிற்றுக்கிழமை

[காலை 6:40] கலா பெரியம்மா: எல்லாருக்கும் காலை வணக்கம். இரவு நான் எல்லாத்தையும் வாசிச்சனான், எழுத எழுத நித்திரை வந்திட்டுது அதால இப்ப எழுதுறன். நான் 19 வருசம் அந்த மேட்டில இருக்கிற ஆஸ்பத்திரியில வேலை செய்தனான் எண்டு உங்களுக்குத் தெரியும், அங்க நாலாம் மாடியில ஒரு பிரெஞ்சு அம்மா இருந்தவா, கட்டிலை விட்டு எழும்ப ஏலாது, நான்தான் காலமை முகம் கழுவி யன்னல் சீலையைத் திறந்து விடுறது. திறந்த உடன அவா கீழ பாப்பா. அந்த வெளிதான். எனக்கு முதல்ல விளங்கேல்லை ஏன் இந்த மனுசி புல்லை இப்பிடிப் பாக்குது எண்டு. ஒரு நாள் என்ர கையைப் பிடிச்சு விரலை யன்னல் கண்ணாடியில வைச்சுக் காட்டினா, அந்தக் கல்லுப் பாலம் தெரியுதோ, அதில இருந்து ரோட்டால வா, அந்த விளக்குக் கம்பம், அதுக்கு இடப்பக்கம் எங்கட குசினி எண்டு. அப்பா ரெயில்வேயில வேலையாம், இவா அப்ப 14 வயசாம். கடிதம் வந்தண்டு தாய் மாப் பிசைஞ்ச கையோடயே வாசலுக்குப் போய் வாங்கினவாவாம், அந்தக் கடிதத்தில மா ஒட்டி இருந்ததாம், அதை 60 வருசம் கழிச்சு எனக்குச் சொல்லுறா

[காலை 6:52] கலா பெரியம்மா: நான் யாழ்ப்பாணத்து மயிலிட்டி எண்டு சொன்னனான் அவாவுக்கு. நாங்கள் 1990இல வெளிக்கிட்டம், 2017இலதான் ஆமி துறைமுகப் பக்கத்தை விட்டது, 27 வருசம். 2018இல நான் போய்ப் பாக்கேக்க வீடு இல்லை, கிணத்துக் கட்டு மட்டும் ஒரு பக்கம் உடைஞ்சு கிடந்தது, கப்பி போட்ட கல்லில கயிறு உரசின தடம் இருந்தது, அதைத் தொட்டுத்தான் இதுதான் எங்கட வளவு எண்டு கண்டுபிடிச்சனான். அவாவுக்கு இங்கிலீசும் குறைவு எனக்குப் பிரெஞ்சும் இல்லை ஆனா விளங்கிச்சுது. அவாவுக்கு அந்தத் தடம் கூட இல்லைப் பிள்ளையள், ரோட்டையே மாத்திப் போட்டினம்

[காலை 6:55] கலா பெரியம்மா: அதால நான் சொல்லுறன் அரீனா வரட்டும், சின்னவன் ரெயின்ல போய்ப் பாக்கட்டும், ஆனா வீடு வரோணும். சாதாரண ஆக்கள் இருக்கக்கூடிய வீடு

[காலை 7:30] சுதன் அண்ணா: பெரியம்மா இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை 😢

[காலை 7:34] கலா பெரியம்மா: ஒருத்தரும் கேக்கேல்லைத் தம்பி

[காலை 8:05] ரஜி மச்சாள் மொன்றியல்: வாசிச்சு அழுதிட்டன் பெரியம்மா

[காலை 8:20] குகன் சித்தப்பா: அக்கா நான் அந்த ரோட்டால எத்தினை ஆயிரம் தரம் டக்சி ஓடியிருப்பன். சும்மா வெளி எண்டுதான் நினைச்சனான்

[காலை 8:41] நிலா: பெரியம்மா நல்ல செய்தியும் கொஞ்சம் இருக்கு. பிமிசிக்குப் பக்கத்தில நூலகக் காணித் துண்டு எண்டு ஒண்டு, அதில 600 வாடகை வீடு மட்டில திட்டம், 40 வீதத்துக்குக் கிட்ட கட்டுப்படியாகிற வாடகை, பல மதத்து ஆக்கள் சேந்து நடத்துற ஒரு வீட்டு அமைப்பும் அதில பங்கு. பக்கத்தில புது மத்திய நூலகம், பேர் அடிசோக்கே, அல்கோன்குவின் எண்ட இஞ்சத்தப் பூர்வீகக் குடியளின்ர பாசையில கதை சொல்லுறதைக் குறிக்கிற சொல். பிமிசி எண்டாலும் அவையின்ர பாசையில விலாங்கு மீன். எல்லாருக்கும் முதல் அது அவையின்ர நிலம், ஒருக்காலும் எழுதிக் குடுக்காத நிலம்

[காலை 8:44] நிலா: ஆனா அரீனாத் துண்டில எத்தினை வீடு, என்ன வாடகை எண்டதுதான் இனிப் பிடிச்சுக் கேக்க வேண்டியது. அதோட அறை. இப்ப கட்டிற கொண்டோவில கனக்க ஒரு அறைதான். எங்கட ஆக்களுக்கு, சோமாலி ஆக்களுக்கு, லெபனான் ஆக்களுக்கு மூண்டு அறை வேணும், அம்மம்மா இருக்க ஒரு அறை வேணும். மூண்டு அறை வீடு இல்லாட்டி பிள்ளை குட்டி உள்ளவை வரமாட்டினம்

[காலை 8:52] அனுசா அண்ணி: சாந்தி மாமிக்கு நடந்தது ஞாபகம் இருக்கோ. அவை இருந்த வரிசை வீட்டை இடிக்கப்போறம் எண்டு சொந்தக்காரர் கடிதம் குடுத்து, நாலு மாசத்தில நாலு பிள்ளையோட ரெண்டு அறை அப்பார்ட்மென்ற்றுக்குப் போனது. மூத்தவன் பள்ளிக்கூடமும் மாறினது. இப்பவும் கடிதம் வருது, 1962 மட்டுமில்லை

[காலை 9:10] சுதன் அண்ணா: சரி என்ன செய்யலாம் சொல்லு நிலா

[காலை 9:21] நிலா: கவுன்சிலருக்கும் என்.சி.சிக்கும் ஒரு கடிதம். நான் இங்கிலீசில எழுதுறன், பெரியம்மா சொன்னதை அவாவின்ர பேரிலயே போடுவம், மற்ற அம்மாவின்ர பேர் போட வேண்டாம். சித்தப்பா கனாட்டாப் பக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதோணும், ஆக்கள் சொன்னாத்தான் அது நிக்கும்

[காலை 9:24] குகன் சித்தப்பா: தமிழில அனுப்புறன் நீ மாத்து. பஸ், ரெயின், அந்தப் பார்க்கிங்ல வீடு. மூண்டும் எழுதுவன்

[காலை 9:26] தீபன் வின்சர்: டெட்ராய்ட் படம் நான் எடுத்து அனுப்புறன். அரீனா வாசல்ல இருந்து ரெண்டு தெரு நடந்து எடுத்தா காணும்

[காலை 9:40] கலா பெரியம்மா: தம்பி சுதன் நீ இண்டைக்கு அந்தப் பக்கம் போறனியெண்டா எனக்கு அந்த விளக்குக் கம்பத்தை ஒருக்கா படம் எடுத்து அனுப்புவியோ

[மதியம் 1:15] சுதன் அண்ணா: பெரியம்மா சின்னவனோட வந்து நிக்கிறன். கல்லுப் பாலத்தில இருந்து ரோட்டால வந்தனாங்கள். இதுதானோ 📷

[மதியம் 1:19] கலா பெரியம்மா: இல்லை மோனை. இன்னும் கொஞ்சம் ஆத்துப் பக்கமா வா. இதுக்கு அடுத்த கம்பம்

[மதியம் 1:26] சுதன் அண்ணா: 📷

[மதியம் 1:27] கலா பெரியம்மா: ஓம் இதுதான். சின்னவன் நிக்கிற இடம்தான் குசினி