ஜப்பான் ஹமாமட்சுல பழைய மான்ஷன், சனிக்கிழமைக்குள்ள டெபாசிட் கேக்கறாங்க, கட்டலாமா?

ஹமாமட்சு புதுசு:
அவசரம், தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஒரு பழைய மான்ஷன் (இங்க கான்கிரீட் அடுக்குமாடி ஃபிளாட்டத்தான் அப்படி சொல்றாங்க) பாத்திருக்கோம், 3எல்டிகே, அதாவது மூணு ரூம், ஹால், டைனிங், கிச்சன், 68 லட்சம் யென். வாடகை குடுக்கறதுக்கு இது மேல்னு தோணுது. ஆனா புரோக்கர், வேற பார்ட்டி வந்தாச்சு, சனிக்கிழமை வந்து கையெழுத்து போடுங்கன்னு நெருக்கறார். வீட்ல பயப்படறாங்க, எனக்கு தூக்கமே இல்ல. கட்டலாமா வேண்டாமா?

நகோயா அண்ணன்:
தம்பி, வந்த புதுசுல வாங்கவே வாங்காதீங்க. நான் வந்தப்ப வாடகை வீடு கிடைக்கறதுக்கே நாய்படாத பாடு, வெளிநாட்டுக்காரங்கன்னு சொன்னதுமே ஓனருங்க முடியாதுன்னுட்டாங்க, அப்பறம் வாடகைக்கு ஜாமீன் நிக்கற கேரண்டி கம்பெனிக்கு ஒரு பணம், ஓனருக்கு திரும்பி வராத ரெய்கின் ஒரு மாச வாடகை, குளிர்ல ஹீட்டர் கூட இல்லாம கைக்குழந்தையோட கிடந்தோம். முதல்ல ஊர் பழகட்டும்.

ஃபுகுவோகா அக்கா:
அந்த அவமானத்துக்காகத்தான் நாங்க சொந்தமா வாங்கினோம்ண்ணா, இன்னிக்கு நிம்மதியா இருக்கோம். ஆனா தம்பி, பிஆர் (நிரந்தரமா தங்கற அனுமதி) இல்லாம எந்த பேங்க்கும் லோன் தராது. புரோக்கர் கமிஷன் 3 சதவீதமும் 60,000 யென்னும், மேல வரி, அதுக்கு மேல ஒரு யென் குடுக்காதீங்க.

ஹிரோஷிமா:
அக்கா, ஃபிளாட் 35ங்கற அரசு ஆதரவு வீட்டு லோனுக்கு பிஆர் கட்டாயம், ஆனா கையில கூடுதலா பணம் போட்டா சில பேங்க் பிஆர் இல்லாமலும் தராங்க. கமிஷனும் 2024 ஜூலைல மாறிடுச்சு, 80 லட்சம் யென் வரைக்கும் உள்ள வீட்டுக்கு வரியோட 3,30,000 வரை வாங்கலாம், முன்னாடியே சொல்லி உங்க சம்மதம் வாங்கியிருக்கணும்.

நகோயா அண்ணன்:
எதுக்கெடுத்தாலும் காசு. யென் இருக்கற இருப்புல ஊருக்கு அனுப்பினா பாதியாத்தான் தெரியுது. குப்பை தப்பா போட்டா ஸ்டிக்கர் ஒட்டி வாசல்லயே விட்டுட்டு போயிடறான்.

ஃபுகுவோகா அக்கா:
கறிவேப்பில வெல கேட்டீங்களா, அத விடுங்க.

சென்டாய்:
தம்பி பாவம், சனிக்கிழமை நெருங்குது. கட்டடம் எந்த வருஷம்? ரொக்கமா லோனா? சனிக்கிழமை போடறது மொஷிகோமியா, கெய்யாக்குஷோவா? மொஷிகோமின்னா விருப்பம் சொல்ற படிவம்தான், பின்வாங்கலாம், அதுக்கு வாங்கின பணத்த திருப்பித் தரணும். கெய்யாக்குஷோன்னா ஒப்பந்தமே, டெபாசிட்ட விட்டுட்டுத்தான் வெளிய வரணும்.

ஹமாமட்சு புதுசு:
கெய்யாக்குஷோன்னுதான் போட்டிருக்கு. 1982 மார்ச்ல முடிஞ்ச கட்டடம். லோன்தான், பேங்க்ல இன்னும் கேக்கல, பிஆர் இல்ல. இத முதல்லயே எழுதியிருக்கணும்.

சென்டாய்:
அப்ப சனிக்கிழமை வேண்டாம். புது நிலநடுக்க விதி 1981 ஜூன் 1லேர்ந்து அனுமதி வாங்கின கட்டடத்துக்குத்தான். 1982 மார்ச்ல முடிஞ்சதுன்னா அனுமதி அதுக்கு முன்னாடியே வாங்கியிருக்க நிறைய வாய்ப்பு இருக்கு, ஒரு மான்ஷன் கட்ட வருஷம் ஆகும்ல. சிட்டி ஆபீஸ்ல அனுமதி தேதிக்கு சான்று தருவாங்க, வாங்கிப் பாருங்க. பெரிய நிலநடுக்கம் வரும்னு சொல்ற நான்காய் கடல் பள்ளத்துக்கு நேரா இருக்கற ஊர், இதுல விட்டுக்குடுக்காதீங்க. வெள்ளம், சுனாமி ஆபத்து காட்டற ஹஸார்ட் மேப்பும் பாருங்க.

அடுத்தது, கட்டடத்த பராமரிக்கற கன்ரி கம்பெனி தர்ற ஜூயோஜிகோ சோசா ஹொகோகுஷோவ (கட்டடத்தோட நிலைய சொல்ற அறிக்கை) புரோக்கர்கிட்ட கேளுங்க. ரிப்பேர் நிதில எவ்வளவு இருக்கு, மாச தொகை ஏறப்போகுதா, கழிவுநீர் பைப் மாத்தினாங்களா, எத்தன வீடு பாக்கி வச்சிருக்குன்னு எல்லாம் அதுலயும் ரிப்பேர் திட்டத்துலயும் தெரிஞ்சிடும். நிதி காலியா இருந்தா ஒரு நாள் மொத்தமா லட்சக்கணக்குல கேப்பாங்க. பழைய ஓனர் கன்ரிஹி (மாசாமாசம் கட்டற பராமரிப்பு காசு) பாக்கி வச்சிருந்தா அது சட்டப்படி உங்க தலையில வரும்.

இத்தனையும் சரியா வந்தா, லோன் கிடைக்கலன்னா டெபாசிட் திரும்பி வரும்ங்கற லோன் தொக்குயாக்கு நிபந்தனை ஒப்பந்தத்துல இருக்கணும், எந்த தேதி வரைக்கும்னும் பாத்துக்கோங்க. அது இல்லாம கையெழுத்து போடாதீங்க.

ஹமாமட்சு புதுசு:
ரொம்ப நன்றிண்ணா. காலைல புரோக்கருக்கு போன் பண்ணி தள்ளி வைக்க சொல்றேன். பார்க்கிங் காலி இல்லன்னு சொன்னாங்க, பரவாயில்லையா?

ஹிரோஷிமா:
அந்த ஊர்ல கார் இல்லாம முடியாது. கார் பதிவு பண்ண வீட்லேர்ந்து 2 கிலோமீட்டருக்குள்ள இடம் காட்டணும், பக்கத்துல மாச வாடகை எவ்வளவுன்னு கேட்டு கன்ரிஹியோட கூட்டிப் பாருங்க.