கேபிளை நிறுத்திவிட்டு ஃபைபர் எடுக்க: புளியரை, செங்கோட்டை ஆட்கள் உதவவும்

வணக்கம் நண்பர்களே. வீட்டில் கேபிள் டிவியை நிறுத்திவிட்டு ஃபைபர் இன்டர்நெட் மட்டும் போடலாம் என்று இருக்கிறோம். தமிழ், மலையாளம் இரண்டும் ஓடும் வீடு. சன், சூர்யா இரண்டுக்கும் சன் நெக்ஸ்ட் ஆப் ஒன்றே போதும். விஜய், ஏஷியாநெட் தொடர்களுக்கு ஜியோஹாட்ஸ்டார். மழவில் மனோரமாவுக்கு மட்டும் மனோரமாமேக்ஸ் தனி. டிடி தமிழுக்கு (பழைய பொதிகை) டிடி ஃப்ரீ டிஷ், மாதக் கட்டணமே கிடையாது.

ஒரே டிவி என்பதால் வேகம் பிரச்சினை இல்லை. எச்டி-க்கு 5 Mbps போதும், 4கே என்றாலும் 25 தாராளம். பிளான் விலை சொல்லும்போது 18% ஜிஎஸ்டியைச் சேர்த்தே சொல்லுங்கள், ரூ.499 பிளான் கையில் ரூ.589 ஆகிவிடும்.

கவலையெல்லாம் சாரல் காலத்தைப் பற்றித்தான். கணவாய்க் காற்றில் போஸ்டுக்கு போஸ்ட் தொங்கி வீட்டுக்கு வரும் ட்ராப் கேபிள் ஆடி ஆடி, ஜாயின்ட்டில் சிக்னல் குறைகிறது. ஃப்யூஷன் ஸ்ப்ளைஸ் (இழைகளை உருக்கி ஒட்டுவது) போட்ட இடம் தாங்கும், கையால் கிளிப் மாட்டிய ஜாயின்ட்தான் முதலில் போகும். ஆகவே உங்கள் மோடத்தின் அட்மின் பக்கத்தில் ஆப்டிக்கல் ஆர்எக்ஸ் பவர் (மோடத்துக்கு வந்து சேரும் ஒளி சிக்னலின் அளவு) எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா? -15 முதல் -24 dBm வரை இருந்தால் நிம்மதி. -27-ஐத் தாண்டி இன்னும் குறைந்தால், சிக்னல் இல்லை என்று காட்டும் சிவப்பு லாஸ் (LOS) விளக்கு எரியத் தொடங்கலாம்.

கூடவே இதையும் எழுதுங்கள்: மோடம் டூயல் பேண்டா (2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை இரண்டும் உண்டா), டெபாசிட் திரும்பக் கிடைக்குமா, லைன் அறுந்தால் எத்தனை நாளில் ஆள் வருகிறார்?