தமிழ் வரி கீழே இருக்கும் 100 ரூபாய் நோட்டு: அச்சுப்பிழையா?

ரோஸ்ஹில் தம்பி: தாத்தாவின் தேவாரப் புத்தகத்துக்குள் ஒரு மொரீஷியஸ் 100 ரூபாய் நோட்டு கிடைத்தது, 1998 என்று இருக்கிறது, நம் மொரீஷியஸ் தமிழ் அரசியல்வாதி ரங்கநாதன் சீனிவாசன் படம்தான், ஆனால் தமிழ் எழுத்து இந்திக்குக் கீழே. நடுவில் மடிப்பு, ஓரத்தில் குண்டூசித் துரு. பிழை நோட்டா?

போர்ட்லூயிஸ் அண்ணன்: பிழை இல்லை தம்பி. அதற்கு முன் தமிழ்தான் இந்திக்கு மேலே இருந்தது. 1998-இல் வரிசையை மாற்றினார்கள், நம் மொரீஷியஸ் தமிழர்கள் கொதித்தெழுந்து போராடினார்கள், கடைசியில் அந்தத் தொடரையே திரும்பப் பெற்று 1999-இல் தமிழை மறுபடி மேலே வைத்து அச்சிட்டார்கள். அதனால்தான் இதைத் தேடுகிறார்கள்.

நோட்டுப்பெட்டி: துருவைத் துடைக்காதீர்கள், மடிப்புக்கு இஸ்திரியும் போடாதீர்கள், தேய்த்த நோட்டைச் சேகரிப்பவர்கள் தொடவே மாட்டார்கள். பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம், நோட்டைக் கெடுத்துவிடும்; மைலார் என்னும் பாலியஸ்டர் உறை வாங்குங்கள்.

ரோஸ்ஹில் தம்பி: சரி அண்ணா, நன்றி. அப்பாவிடம் காட்டினேன், அவரும் அந்தப் போராட்டத்துக்குப் போனாராம். விற்கப் போவதில்லை.