புதுப்பிப்பு: காட்டுக்குக் கொண்டுபோக சின்ன கேமரா வாங்கிவிட்டேன்

போன மாதம் கேட்டிருந்தேன்: 25,000 ரூபாய்க்குள், பேன்ட் பாக்கெட்டில் அடங்குகிற கேமரா எது? தண்ணீர் தாங்கும் ஒலிம்பஸ் டிஜி-6-ஆ, 40 மடங்கு ஜூம் உள்ள கேனான் எஸ்எக்ஸ்740-ஆ என்று குழப்பம். "பறவைதான் முக்கியம்னா ஜூம் பக்கம் போங்க" என்றீர்கள் பலர். உங்கள் பேச்சைக் கேட்டேன், செகண்ட் ஹேண்டில் கேனான் கிடைத்தது.

வால்பாறையில் மூன்று நாள். முதல் காலையே அத்திமரத்தில் ஒரு இருவாச்சி! பழத்தை அலகு நுனியில் கவ்வி, மேலே தூக்கிப் போட்டு விழுங்கியது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கண் சிவப்பு, அப்படியென்றால் ஆண். பெண்ணுக்குக் கண் வெளுப்பாக இருக்கும். டிஜி-6-இன் 4 மடங்கு ஜூமில் அது வெறும் கறுப்புப் புள்ளிதான்.

நிழலில் கதை வேறு. முழு ஜூமில் லென்ஸ் எஃப்/6.9 வரைதான் திறக்கும், அதாவது உள்ளே வரும் வெளிச்சம் குறைவு; அதைப் பிடிக்கிற சென்சாரும் சின்னது. சோலைமந்திக் கூட்டத்தை எடுத்த முதல் இருபது படமும் கலங்கல். அப்புறம் ஜூமைப் பாதியாகக் குறைத்து, மரத்தில் தோளைச் சாய்த்து, மூச்சைப் பிடித்து எடுத்தேன். பாதிக்குப் பாதி தேறியது.

மழையில் கொண்டுபோக வாங்குகிறவர்கள் கவனியுங்கள்: இது தண்ணீர் தாங்காது. ஜிப் கவரும் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதுமாக இருந்தது. என்பி-13எல் பேட்டரி இன்னொன்று கட்டாயம் வாங்குங்கள், எனக்கு மதியத்துக்கே தீர்ந்துவிட்டது. வழி சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.