தேரூரில் கவிமணிக்குக் கல்: இடம், வாசகம், எழுத்து வெட்டு

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

நம் தேரூரில் பிறந்த கவிஞர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளைக்கு ஊரில் சாலையோரம் நினைவுக் கல் நாட்டும் பேச்சு நம் மடல்களில் பணத்தைச் சுற்றியே போகிறது. முதலில் தீர வேண்டியது இடம். பொதுச் சாலை, நடைபாதை போன்ற இடங்களில் சிலையோ கட்டுமானமோ அமைக்க மாநில அரசுகள் அனுமதி தரக் கூடாது என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சாலைப் புறம்போக்கில் நட்டால் ஒரு மனுவிலேயே கல் போய்விடும். குளத்தங்கரையை நினைக்கவே வேண்டாம். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022 முதல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் காக்க வேண்டிய ஈரநிலங்களின் பட்டியலில், இருக்கிறது. பட்டா நிலத்தில், இல்லையென்றால் பள்ளி, நூலக வளாகத்துக்குள் வைத்துச் சாலையைப் பார்க்கத் திருப்புவதே சரி. பட்டா என்றால் வாய்ச்சொல் போதாது. நில அளவரை வைத்துப் புலப்படத்தின்படி (சர்வே வரைபடம்) சாலை எல்லையை அளந்துவிட்டு, 6 அடிக்கு 6 அடி துண்டைத் தானப் பத்திரமாகப் பதிய வேண்டும். பதியாவிட்டால் நிலம் கைமாறும் நாளில் கல்லும் பெயர்ந்துவிடும்.

அடுத்தது வாசகம். பிறப்பு 1876 ஜூலை 27, கொல்லம் 1051 ஆடி. மறைவு 1954 செப்டம்பர் 26, புத்தேரியில். குமரி தமிழகத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. ஆகவே 'கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்தார்' என்று வெட்டினால் பிழை. 'அன்றைய திருவிதாங்கூரில்' என்று இருக்கட்டும். பழைய கல்வெட்டுகளில் வரும் காந்தளூர்ச் சாலை பற்றி எழுதியவர், கல்வெட்டுகளை வரிவரியாக ஆராய்ந்தவர். அவர் பெயர் தாங்கும் கல்லில் ஆண்டு தவறக் கூடாது.

பாட்டு வரிக்கு என் தேர்வு 'மங்கையராகப் பிறப்பதற்கே நல்ல மாதவம் செய்திட வேண்டும் அம்மா'. இதைப் பாரதியார் பாட்டு என்றே மேடைக்கு மேடை சொல்கிறார்கள். ஊர்க் கல் அதைத் திருத்தட்டும். நூல்களில் ஆசிய ஜோதி, மலரும் மாலையும், நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம் போதும். மொத்தம் 40 சொல்லைத் தாண்டினால் நின்று படிக்க மாட்டார்கள். நன்கொடையாளர் பெயர் முன்பக்கம் வேண்டவே வேண்டாம். பின்பக்கம் சிறிதாக வரட்டும்.

கல் ஒரே கருங்கல் பலகையாக, 6 அடி உயரம், 2½ அடி அகலம், 4 அங்குலக் கனத்தில் இருக்கட்டும். கறுப்பு கிரானைட்டில் இது 400 கிலோவுக்கு மேல் வரும். செங்கல் மேடை கட்டி முக்கால் அங்குலப் பலகையை சிமெண்டால் ஒட்டுவது மலிவுதான். ஆனால் அறுத்த கல்லின் வழவழப்பான முதுகில் சிமெண்ட் பிடிக்காது. மழை உள்ளே இறங்கினால் சில வருடங்களில் பலகை கழன்றுவிடும். இரும்புப் பட்டை போட்டால் கடல் காற்றில் துருப்பிடித்துப் பருத்துக் கல்லையே பிளந்துவிடும். முட்டுக்கொடுக்க வேண்டியிருந்தால் ஸ்டெயின்லெஸ் கம்பி மட்டும்.

எழுத்தை லேசரில் போடச் சொல்லாதீர்கள். அது மேல்தோலைக் கீறுவதோடு சரி, ஆழம் இருக்காது. கல்லில் ஸ்டென்சில் ஒட்டி, காற்றழுத்தத்தில் மணலைப் பீச்சி அறுக்கும் சாண்ட்பிளாஸ்ட் முறையில் 3 மில்லிமீட்டர் ஆழம் வெட்டினால், பாலிஷ் போட்ட கறுப்பின் நடுவே பள்ளம் தானாகவே வெளிர் சாம்பலாகத் தெரியும். பெயின்ட் தேவையில்லை, தங்கப் பெயின்ட் வெயிலில் உதிர்ந்துவிடும். பெயர் 3 அங்குல உயரம், மற்றவை 1¼ அங்குலம். மெலிந்த எழுத்துரு கூடாது: புள்ளிகள் ஆழம் பிடிக்காது, ண, ணை போன்றவற்றின் சுழிக்குள் நிற்கும் சின்ன ஸ்டென்சில் துண்டுகள் காற்று வேகத்தில் பறந்துவிடும்.

பிழை பெரும்பாலும் நுழைவது கணினியில்தான். யூனிகோடில் அனுப்பியதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். எழுத்துகளை எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டுருவமாக்கிய பிடிஎஃப் மட்டும் அனுப்ப வேண்டும். முழு அளவுத் தாளில் ஒருமுறையும், ஸ்டென்சில் கல்லில் ஒட்டிய பிறகு இன்னொரு முறையும் ஊரில் இருவர் உரக்க வாசித்துப் பார்க்கட்டும். வெட்டிய பிறகு திருத்த வழியில்லை.

கல்லில் 2 அடி மண்ணுக்குள் போகும். வயலோரக் களிமண்ணில் கெட்டித் தரை வரும்வரை தோண்டி, அடியில் 6 அங்குலம் கான்கிரீட் போட்டு, கல்லை நிறுத்தித் தூக்குக்குண்டு பார்த்துச் சுற்றிலும் 1:2:4 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவை நிரப்ப வேண்டும். ஒரு வாரம் நனைத்து, அதுவரை முட்டுக்கட்டையை எடுக்காமல் இருக்கணும். ஜூலை 27 திறப்பு என்றால் நம்மூரில் அது சாரல் காலம். அதற்கு முன்பே பிப்ரவரி, மார்ச்சில் கல்லை நட்டுத் துணி போர்த்தி வைத்துவிடலாம்.

வாசகத்தில் திருத்தம் இருப்பவர்கள் இந்த மடலுக்கே பதில் எழுதுங்கள், தனி மடல் வேண்டாம். எல்லாரும் ஒரே படியைப் பார்த்தால்தான் கடைசி வடிவம் எது என்பதில் குழப்பம் வராது.