"ஓவர் மை டெட் பாடி": எங்கே கேட்டீங்க, தமிழில் எப்படிச் சொன்னாங்க?

கேட்டோ மேனர் பேரன்:
தென்னாப்பிரிக்கா டர்பனில் தமிழ் ஐஸ்டெட்ஃபட்ங்கிற கலைப் போட்டி விழா, நாடகப் பிரிவு. பொண்ணு கேப்டவுனுக்குப் படிக்கப் போகணும்ங்கிறா. அப்பா வேஷம் போட்ட பையன் ஒட்டு மீசையைத் தடவிக்கிட்டே "என் இறந்த உடலின் மேல்!"னு கத்தினான். முன்வரிசை ஆயா ஒருத்தர் "சிவ சிவா, வாயைக் கழுவுடா"ன்னு கையை உதறினாங்க. ஹால் முழுக்கச் சிரிப்பு. பையனுக்கு அடுத்த வரி மறந்தே போச்சு. ஸ்கிரிப்ட் முதல்ல இங்கிலீஷ்ல எழுதினதுன்னு பார்த்தாலே தெரியுது; "நடக்க விடவே மாட்டேன்"னு அர்த்தம் வர்ற "ஓவர் மை டெட் பாடி"யை வார்த்தைக்கு வார்த்தை மாத்தியிருக்காங்க. சரி, தப்பு எந்த வார்த்தையில இருக்கு?

டொங்காட் வாத்தியார்:
"மேல்"ல இருக்கு தம்பி. இந்த இடத்துல "ஓவர்"னா "தாண்டி". வாசல்ல பொணம் குறுக்கே கிடக்கு, அதைத் தாண்டித்தான் நீ உள்ளே போகணும், அதுதான் படம். அதனாலதான் "ஆன் மை டெட் பாடி"ன்னு எழுதினா அபத்தமாயிடுது.

இன்னொண்ணு. இது அடுத்தவர் செய்யப் போற காரியத்தைத் தடுக்கிற பேச்சு. நடந்து முடிஞ்சதுக்கு வராது. "யூ வில் செல் திஸ் ஹவுஸ் ஓவர் மை டெட் பாடி"ன்னு கடைசியில வைக்கலாம். முன்னால தூக்கி வெச்சா "ஓவர் மை டெட் பாடி வில் யூ செல்"னு "வில்" முந்திக்கும். வெறும் பதிலா தனியாவும் நிக்கும். "என்ன ஆனாலும் நான் செஞ்சே தீருவேன்"னு சொல்ல இது உதவாது, அதுக்கு "கம் ஹெல் ஆர் ஹை வாட்டர்" இருக்கு. சொன்னதை இன்னொருத்தர்கிட்ட எடுத்துச் சொல்றப்போ "மை" போய் "ஹிஸ்", "ஹர்" ஆயிடும்.

ஃபீனிக்ஸ் அக்கா:
வாத்தியாரே, "தாண்டி"ன்னு திருத்திட்டா மட்டும் ஆயா சும்மா இருந்திருப்பாங்களா? அவங்க கையை உதறினது வேற்றுமை உருபுக்கு இல்லை, "இறந்த"ங்கிற சொல்லுக்கு. செத்தார்னு சொல்லாம இயற்கை எய்தினார்னு சொல்றோமே, மங்கல வழக்குன்னு நீங்களே பாடம் நடத்துவீங்க. நம்ம வீட்டுப் பேச்சுல "நான் உயிரோட இருக்கிற வரைக்கும் நடக்காது". இங்கிலீஷ் சாவுல இருந்து கணக்கு போடுது, நாம உயிர்ல இருந்து போடுறோம். கனமும் வேற. பூனையைக் கட்டில்ல ஏத்தாதேன்னு சொல்லக்கூட இங்கிலீஷ்ல இது போதும்.

டொங்காட் வாத்தியார்:
"என் பொணத்தைத் தாண்டித்தான் போகணும்"னு வாசப்படியில உக்கார்ற அம்மா தமிழச்சி இல்லையா? அதுவும் நம்ம வழக்குதான்.

மெரபேங்க் மணியம்:
ஒரு கோயில் கமிட்டி. மாமரத்தை வெட்டணும்னு பேச்சு வந்தது. ஒரு தாத்தா இதே வார்த்தையைச் சொன்னார். தமிழ் மினிட்ஸ்ல, அதாவது கூட்டக் குறிப்புல, "உயிரை மாய்த்துக்கொள்வதாகக் கூறினார்"னு ஏறிடுச்சு! அடுத்த கூட்டத்துல அதைப் படிச்சப்போ அவர் முகத்தைப் பார்க்கணுமே.

அதனால யாரும் கேக்காட்டியும் சொல்றேன், எழுத்துல இதைத் தொடவே வேண்டாம். முனிசிபாலிட்டிக்கு எழுதினா "ஐ ஆப்ஜெக்ட் இன் த ஸ்ட்ராங்கஸ்ட் டெர்ம்ஸ்", அடுத்த வரியிலேயே எதை எதிர்க்கிறீங்க, ஏன், எந்தத் தேதிக்குள்ள பதில் வேணும். கோபம் முதல் வரியோட முடியணும், இரண்டாவது பாராவுல ஆதாரம் வரணும். மினிட்ஸ் எழுதுறவங்க "கடுமையாக எதிர்த்தார்" என்று போட்டாப் போதும். மேலதிகாரிகிட்ட வாயாலயும் வேண்டாம், சிரிச்சுக்கிட்டே சொன்னாலும் அந்தப் பக்கம் சிரிப்பாங்களான்னு சொல்ல முடியாது. வாட்ஸ்அப்ல குரலே கேக்காது, அங்கே இன்னும் மோசம்.

லெனேஷியா வாசகி:
பூனைக்குக்கூடப் போதும்னு அக்கா சொன்னது வீட்டுக்குள்ள சரி. ஊரே சேர்ந்து சொன்னா? ஜோஹன்னஸ்பர்க்ல சோஃபியாடவுன்ங்கிற பகுதி மக்களை நிறவெறி அரசு அப்புறப்படுத்தக் கிளம்பினப்போ, எதிர்ப்புக் கோஷமே "ஓவர் அவர் டெட் பாடீஸ்"தான். சுவர்கள்ல "வீ வோண்ட் மூவ்". இந்த "வோண்ட்" வெறும் எதிர்காலம் இல்லை, அடம். நம்ம "நகர மாட்டோம்" அதுல கச்சிதமா உக்காரும். 1955 பிப்ரவரி 9 அன்னைக்கு ஆயிரக்கணக்குல போலீஸோட லாரிகள் வந்தன. சிலர் கோஷத்தை அப்படியே எடுத்துக்கிட்டு, சாகும்வரை சண்டைன்னு காத்திருந்தாங்க. போராட்டத்தை நடத்தின ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் அதுக்குத் தயாரா இல்லை. அந்தக் கோஷம் எவ்வளவு உதவிச்சோ அவ்வளவு இடைஞ்சலும் பண்ணிச்சுன்னு மண்டேலாவே தன் வரலாற்றுல ஒத்துக்கிறார். அந்த ஆயா மட்டும் இல்லை, இதை எழுத்துக்கு எழுத்து நம்பினவங்க அங்கேயும் இருந்திருக்காங்க.

கேட்டோ மேனர் பேரன்:
அக்கா சொன்ன வரியையே பையனுக்குக் கொடுத்தாச்சு. அவன் ஸ்கூல்ல அஃப்ரிகான்ஸ் படிக்கிறான். அதுல இதே சொல் "ஊர் மெய் டோயி லிஹாம்". "ஊர், மெய் ரெண்டும் தமிழ்தானே அங்கிள்?"னு கேக்கிறான். வாத்தியாரே, இதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.